மடக்கு வீடு

பழைய ரென்ற் ரெயிலர் வாங்கப் போகிறவர்கள் ரயரை உதைத்துப் பார்ப்பதற்கு முதல், உள்ளே தலையை நீட்டி மணந்து பார்க்க வேண்டும். கூரையை உயர்த்தி, இரண்டு பக்கக் கட்டில்களையும் வெளியே இழுத்து, கன்வஸ் விரிந்த கையோடு இழுக்கிற முதல் மூச்சு. இரண்டாவது மூச்சுக்குள் மூக்கு பழகிவிடும், பிறகு ஒன்றும் பிடிபடாது. 2008 ஏப்ரலில் இது எனக்குத் தெரியாது. இவருக்கு, என் கணவருக்கு, இன்றைக்கும் தெரியாது.

இவர் அதை ஒஷாவாவுக்குக் கிழக்கே ஒரு பண்ணை வீட்டு வளவில் 2,200 டொலருக்கு வாங்கி இழுத்துக்கொண்டு வந்தார். 1997இல் செய்தது. உள்ளே, மரத்தின் வடிவில் வெட்டிய வாசனை அட்டைகள் நான்கு தொங்கின. ஒரு காருக்கே ஒன்று போதும். ஒரு பெட்டிக்கு எதற்கு நான்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "வாசமா வச்சிருக்கினம்" என்று இவர் மெச்சினார்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மூடியிருக்கும்போது அது இரண்டு சில்லில் நிற்கிற, நெஞ்சளவு உயரமான பெட்டி. நான்கு மூலைக் கொக்கிகளையும் கழற்றிவிட்டு, முன்னால் இருக்கும் கைபிடியைச் சுற்றினால், உள்ளே ஓடுகிற கேபிள்கள் நான்கு கம்பங்களை உயர்த்த, கூரை தலைக்கு மேலே போய் நிற்கும். பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் கட்டில்களை லாச்சி இழுப்பதுபோல இழுக்க வேண்டும். சுவரெல்லாம் கன்வஸ். சன்னலுக்கு வலை, அதன்மேல் சிப் வைத்த பிளாஸ்ரிக். ஒரு சின்ன அடுப்பு, கையால் பம்ப் பண்ணுகிற தண்ணீர்க் குழாய், ஒரு மேசை. மடக்கினால் எல்லாம் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். ஒன்ராறியோவில் ரெயிலரின் மொத்தப் பாரம் 1,360 கிலோவை எட்டினால் அதற்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும். எங்களுடையது அதில் பாதியளவுதான். எங்கள் பழைய வானே இழுத்தது.

கூரை ஏறுவதையும் துணி விரிவதையும் அம்மா வாசற்படியில் நின்று முழுதாகப் பார்த்தார். இவர் வேர்த்து விறுவிறுத்து, "எப்பிடி மாமி?" என்று கேட்டார்.

"தறப்பாளுக்குக் கீழை ஆறு மாசம் சும்மா இருந்தனான். இப்ப காசு குடுத்து இருக்கச் சொல்லுறியளோ தம்பி?"

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நான் அங்கே இல்லை. 1992இலேயே கனடாவுக்கு வந்துவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாத மழையையும் அம்மா கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் தறப்பாளின் கீழே கழித்தார் என்பது எனக்குப் பிந்தி வந்த கடிதங்களில் தெரிந்ததுதான். அதைப்பற்றி அம்மா கதைப்பதில்லை. அன்றைக்கு வாசற்படியில் சொன்ன அந்த ஒரு வரிதான். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். போனவர், அந்த ரெயிலரோடு ஒரு நாளும் எந்தப் பூங்காவுக்கும் வரவில்லை. ஆனால் அதைக் கழுவித் துடைத்து உயிரோடு வைத்திருந்ததில் பாதி அவருடைய கை.

மற்றப் பாதி என்னுடையது. இவர் வாங்குவதில் கெட்டிக்காரர், இழுப்பதிலும் கெட்டிக்காரர். பராமரிப்பு என்று வந்தால் நாரி நோ வந்துவிடும்.

எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர். லொறி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், நியூஃபவுண்லாந்துக்காரர். ரெயிலர் வந்த இரண்டாம் நாளே வேலியோரமாக வந்து நின்றார். ரயர் புதிது, பூக் கூடத் தேயவில்லை என்று விற்றவன் சொன்னதை இவர் பெருமையாகச் சொன்னார். கிழவர் குந்தியிருந்து ரயரின் பக்கச் சுவரைக் கைலேஞ்சியால் துடைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எழுத்துகளின் கடைசியில் ஒரு சின்ன வட்டக் கட்டத்துக்குள் மூன்று இலக்கம். 197. ரயர் செய்த கிழமையும் வருடமும் அதில் இருக்கும் என்றார். 2000ஆம் ஆண்டில் இருந்து வந்த ரயர்களில் நான்கு இலக்கம். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். மூன்று இலக்கம் என்றால் போன நூற்றாண்டுச் சாமான். எங்களுடையது 1997இன் 19ஆவது கிழமை. ஓடாத ரயரின் பூ தேயாது, ஆனால் றப்பர் நின்ற இடத்திலேயே கிழண்டிப் போகும். விரலால் வளைத்துக் காட்டினார். பக்கச் சுவரில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரிப் பாளம் பாளமாக வெடிப்பு. ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்ட ரெயிலர் ரயரை நம்பி ஹைவேக்குப் போகக் கூடாது என்றார். இரண்டு ரயர் மாற்றினோம்.

அதோடு அவர் விடவில்லை. சில்லைக் கழற்றின கையோடு உள்ளே இருக்கும் பெயரிங்கையும் பார்க்க வேண்டும் என்றார். நடுவில் இருக்கிற மூடியைத் தட்டிக் கழற்றினால் ஒரு பின். பின்னை நிமிர்த்தி இழுத்தால் நட்டு. அதற்குள்ளே பெயரிங், காய்ந்து கறுத்துப் போன கிறீசோடு. மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினோம். கழுவிக் காயவிட்டபோது அது ஒரு சின்ன வெள்ளி வளையல் போல மின்னியது, உள்ளே உருளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக உருண்டன. பிறகுதான் வேலை. இடது உள்ளங்கையில் ஒரு தேசிக்காய் அளவு கிறீஸ். வலது கையில் பெயரிங்கைப் பிடித்து, அதன் அகலமான விளிம்பை உள்ளங்கை மேட்டில் வைத்து அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். கிறீஸ் கீழிருந்து ஏறி, உருளைகளுக்கு இடையால் மேலே புழுப்போல எட்டிப் பார்க்கும். ஒரு இடத்தில் பார்த்துவிட்டால் போதாது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முழு வட்டமும் அப்படி வரவேண்டும். முதல் தடவை எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. சன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "குழையல் சோறு உருட்டுற மாதிரி எல்லே கிடக்கு" என்றார். உண்மைதான். உள்ளங்கைக்கு அந்தப் பழக்கம் முதலே இருந்தது.

நட்டைத் திரும்ப முறுக்கும்போது ஒரு சூக்குமம் இருக்கிறது. முதலில் இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். இறுகினால் சூடேறும், தளர்ந்தால் சில்லு ஆடும். கையால் தட்டிவிட்டால் தன்பாட்டில் சுற்றவும் வேண்டும், பிடித்து ஆட்டினால் ஆடாமலும் இருக்க வேண்டும். கிழவர் என் கையால்தான் செய்வித்தார், தன் கையை வைக்கவேயில்லை. பெயரிங் காய்ந்து சூடேறினால் சில்லே கழன்று உங்களை முந்திக்கொண்டு ஓடும் என்றார். அந்தப் படம் என் தலைக்குள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஹைவே 400இல் பரி நகரில் கோப்பிக்கு நிற்பாட்டும் ஒவ்வொரு தடவையும் நான் முதலில் போவது ரெயிலரின் இரண்டு சில்லுக்கும். பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைக்கிற மாதிரி, நடு மூடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு என்றால் சரி. என் மகள் வெட்கப்பட்டு வானுக்குள்ளேயே குனிந்துகொள்வாள்.

இப்படி ஒவ்வொரு வருடமும் மே மாதம் எங்களுக்கு ஒரு சடங்கு ஆகிவிட்டது. அம்மா அதற்கு 'வேலியடைப்பு' என்று பெயர் வைத்தார். ஊரில் வருடத்துக்கு ஒருக்கால் பழைய கிடுகை இறக்கி, கதியால் போட்டு, புதுக் கிடுகு வைத்துக் குத்தூசியால் குத்திக் கட்டுகிற நாள் இருக்கும். வேலிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். ஊசி போகும், வரும். வேலி என்றால் அடைத்துத்தான் ஆகவேண்டும், அதில் அலுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அம்மாவின் கணக்கு. நான்தான் முதல் இரண்டு வருடம் முணுமுணுத்தேன். வருடத்தில் ஒரு பன்னிரண்டு நாள் தங்குகிற வீட்டுக்கு இருபது நாள் வேலை.

வேலை என்றால் பலதும்தான். கூரை மூட்டுகளில் பழைய சொந்தக்காரன் சிலிக்கனை அள்ளி அப்பியிருந்தான். அது காய்ந்து தோலாகக் கழன்று வரும், ஆனால் அது பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. அதைச் சுரண்டியெடுக்கவே ஒரு சனிக்கிழமை போனது. பிறகு பியூட்டைல் நாடா வைத்து மூடினோம். புரொப்பேன் சிலிண்டருக்கு இங்கே பத்து வருடம்தான் ஆயுள், அதற்குப் பிறகு திரும்பச் சோதிப்பிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். தேதி கழுத்தில் அடித்திருக்கும். குழாய் மூட்டுகளில் சவுக்காரத் தண்ணீர் பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற வேலையை மகனுக்குக் கொடுத்தேன். ஊரில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்திப் பொத்தல் தேடின எனக்கு அது புதிதாகப் படவில்லை. சிப்புகளுக்கு அம்மா மெழுகுதிரித் துண்டால் தேய்ப்பார். கடையில் அதற்கென்று ஒரு ஸ்பிறே விற்கிறார்கள். மெழுகுதிரி அதைவிடக் குறைவாக ஒன்றும் செய்யவில்லை.

ஒரு மே மாதம் இவர் உற்சாகமாக வந்து, "நான் உயர்த்துறன்" என்று கைபிடியைப் பிடித்தார். மூன்று கொக்கியைத்தான் கழற்றியிருந்தார். கூரை மூன்று மூலையில் ஏற, நாலாவது மூலை பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே எங்கேயோ 'டங்' என்று ஒரு சத்தம். கேபிள் அறுந்தது. அதற்குப் பிறகு கைபிடி என் பொறுப்பில் வந்தது.

அல்கொன்குவின் பூங்காவுக்குத்தான் அதிகம் போனோம். 1893இல் உண்டாக்கிய பூங்கா. எங்கள் ஸ்காபரோ வீட்டில் இருந்து மூன்றரை மணித்தியாலம், ஹன்ற்ஸ்வில் தாண்டி ஹைவே 60இல் திரும்பினால் பிறகு காடும் ஏரியும்தான். முதல் பயணத்தில் லேக் ஒஃப் ரூ றிவேர்ஸ் முகாமில் இரவு நல்ல மழை. கன்வஸில் மழை விழுகிற சத்தம் ஓட்டுக்கூரைச் சத்தம் மாதிரி இல்லை, கிடுகுக்கூரைச் சத்தம் மாதிரியும் இல்லை. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. மகன் படுத்தபடி சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோட்டின் வழியே தண்ணீர் முத்து முத்தாக உள்ளே வந்தது. பருத்திக் கன்வஸ் நனைந்தால் நூல் ஊதி, கண்ணெல்லாம் அடைபட்டு, தண்ணீரை வெளியிலேயே நிற்பாட்டி வைக்கும். உள்ளே இருந்து தொட்டால் நிற்கிற தண்ணீருக்கு வழி காட்டிக் கொடுத்த மாதிரி. புதுக் கன்வஸை முதலில் நனைத்துக் காயவிட்டுத்தான் பாவிக்க வேண்டும், அப்போதுதான் தையல் ஊசி போட்ட துளைகள் இறுகும் என்று பின்னர் கிழவர் சொன்னார். மகன் இரவு முழுக்கத் துவாயைப் பிடித்துக்கொண்டு படுத்தான்.

அதே பயணத்தில்தான் மஞ்சள். வெளியே நுளம்பு ஆளைத் தூக்கியது. அதனால் மீன்குழம்பை உள்ளே சின்ன அடுப்பில் வைத்தேன். இறக்கும்போது சட்டி தளும்பி, கட்டிலுக்கு மேலே கன்வஸ் சுவரில் ஒரு பெரிய வீச்சு. அடுத்த நாள் காலையில் பூங்கா உத்தியோகத்தர் பெண் ஒருத்தி வந்தாள். காற்றை மணந்து பார்த்துச் சிரித்தாள், பிறகு சிரிக்காமல் சொன்னாள். சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் துணிச்சுவருக்குள் வைக்கக் கூடாது, காருக்குள் பூட்டி வைக்க வேண்டும், கரடிக்குத் துணி ஒரு கதவே இல்லை. நாங்கள் அதற்குப் பிறகு மீனும் கருவாடும் வீட்டோடு விட்டுவிட்டுப் போகப் பழகினோம். மீனை விடலாம். சுவரில் இருந்த குழம்பை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டேன். மஞ்சள் கறை ஒரு நொடியில் இரத்தச் சிவப்பாகிவிட்டது. நான் பதறிப்போய் இன்னும் போட, இன்னும் சிவந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா, சுவரையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஆருக்கு ஆலாத்தி எடுக்கிறாய்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆலாத்தி சிவப்பு. சவுக்காரத்திலும் அதே காரம். எத்தனை கலியாண வீட்டில் ஆலாத்தி கரைத்திருப்பேன், கன்வஸைக் கண்டவுடன் எல்லாம் மறந்துபோனது.

"சவுக்காரத்தைக் கழுவி விடு. வெயில் தின்னும்" என்றார் அம்மா.

கழுவின உடனே சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் வந்தது. கட்டிலை வெளியே இழுத்து, கறை இருந்த பக்கம் தெற்குப் பார்க்க ரெயிலரைத் திருப்பி விட்டோம். ஜூலை வெயில். முதல் நாள் பின்னேரம் மஞ்சள், பனங்காய்ப் பணியாரத்தின் நிறத்தில் இருந்து வாழைப்பழத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் வாழைத்தண்டு. ஒரு கிழமையில், இருந்த இடம் தெரிந்த எனக்கு மட்டும் தெரிந்தது. எண்ணெய் வளையம் மட்டும் கொஞ்சம் நின்றது. அதற்குத்தான் மெல்லிய சவுக்காரமும் வெந்நீரும் மென்மையான பிரஷும் வேண்டியிருந்தன. கறையென்றால் உடனே தேய்க்க வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, நிறத்தை வெயிலுக்கு விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் கழுவுகிற பொறுமை அந்த வருடம்தான் வந்தது.

வெயிலைப்பற்றி இவ்வளவு தெரிந்த பிறகும் 2010இல் நான் செய்த பிழைக்கு நியாயம் இல்லை. தொழிலாளர் தின வார இறுதி. திங்கட்கிழமை காலை முகாமிலேயே மழை. கொட்டுகிற மழையில் கன்வஸை மடித்துப் பெட்டிக்குள் அமத்தினோம். வீடு வரும்வரை விடவில்லை. ஈரமாக மடித்ததை இரண்டு நாளுக்குள் விரித்துக் காயவிட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. இவருக்கு இரவு வேலை. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஆள் போதாமல் இரட்டை ஷிப்ற். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வெளியே வெயில் வேறு. பூட்டின பெட்டிக்குள் ஈரமும் சூடும்.

பத்தாம் நாள் காலையில் கறிவேப்பிலைச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போன அம்மா திரும்பி வந்து, கைகழுவாமலே குசினி வாசலில் நின்றார்.

"பிள்ளை, உந்தப் பெட்டியைத் திற."

"ஏனம்மா?"

"அந்த மணம் எனக்குத் தெரியும்."

எந்த மணம் என்று நான் கேட்கவில்லை.

கைபிடியைச் சுற்றினேன். கூரை ஏற ஏற அது வெளியே வந்தது. மக்கின சாக்கும் பழைய மழையும் சேர்ந்த மணம். கட்டிலை இழுத்தேன். பழுப்புக் கன்வஸ் முழுவதும் மிளகுத்தூள் தூவின மாதிரிக் கறுப்புப் புள்ளி. மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிப் படமாகியிருந்தன. பூஞ்சணம். விற்றவன் தொங்கவிட்டிருந்த நான்கு வாசனை அட்டைகளின் அர்த்தமும் அன்றைக்குத்தான் விளங்கியது. அவனும் ஒரு முறை இப்படி விட்டிருக்கிறான்.

பயத்தில் நான் செய்தது, வீட்டுக்குள் ஓடிப்போய் உடுப்புத் தோய்க்கிற பிளீச்சை எடுத்துவந்து, கட்டிலின் பின்மூலையில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் ஊற்றித் தேய்த்தது. புள்ளி மறைந்தது, துணி வெள்ளையாகியது. எனக்குச் சந்தோசம். வேலிக்கு அங்கால் இருந்து கிழவர் கத்தியபடி ஓடிவந்தார். பிளீச் புள்ளியை மட்டும் தின்னாது, நூலையும் தின்னும், தண்ணீர் ஒட்டாமல் போட்டிருக்கிற பூச்சையும் கொண்டுபோய்விடும் என்றார். அவர் சொன்னது பிழைக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு கட்டிலை இழுக்கும்போது சரியாக அந்த உள்ளங்கை இடம்தான் கிழிந்தது.

அவர் சொன்ன மருந்து வினிகர். வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. நான்கு லீற்றர்க் கான் ஆறு வாங்கினேன். வாய்க்கு மூடி கட்டிக்கொண்டு, உள்ளே ஒருவர் வெளியே ஒருவராக, அம்மாவும் நானும். தெளித்து, ஊறவிட்டு, பிரஷால் மேலிருந்து கீழே. வட்டமாகத் தேய்த்தால் நூல் மயிர் எழும்பும். ஒரு பக்கம் நான் தேய்க்க மறுபக்கம் அம்மாவின் கை துணிக்கு அப்பால் அசைவது நிழலாகத் தெரியும். கையும் கையும் சில நேரம் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து நிற்கும். தெரு முழுக்க அச்சாறு மணந்தது. தபால்காரர் வாசலோடு கடிதத்தைப் போட்டுவிட்டு ஓடினார். மூன்று நாள் பிடித்தது. பிறகு கழுவி, இரண்டு நாள் கூரையை உயர்த்தி வைத்து, சிப் எல்லாம் திறந்து காயவிட்டு, தண்ணீர் ஒட்டாத பூச்சு இரண்டு தடவை அடித்தோம்.

மணம் போனது. புள்ளி போகவில்லை. சாம்பல் நிறமாக அப்படியே நின்றது. அம்மை வடு மாதிரி. நான் இன்னும் தேய்க்கப் போக, அம்மா பிரஷைப் பறித்து வாளிக்குள் போட்டார்.

"கறுப்புப் போகாது. உயிர் போட்டுது. காணும்."

கிழிந்த மூலைக்கு அம்மாதான் ஒட்டுப் போட்டார். சாக்கு ஊசியும் தடித்த நூலும், உள்ளே ஒரு துண்டு வெளியே ஒரு துண்டு. தையலுக்கு மேல் மெழுகு தேய்த்தார். அந்த ஒட்டில் கடைசிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. மற்றத் தையல்களைப்பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

குளிர்கால வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒக்ரோபரில் குழாயில் உள்ள தண்ணீரை வடித்து, மிஞ்சிய இடத்துக்கு இளஞ்சிவப்பு அன்ரிஃபிறீஸ் பம்ப் பண்ண வேண்டும். இளஞ்சிவப்பு, காருக்கு ஊற்றுகிற பச்சை கூடாது, அது நஞ்சு. பெட்டியை பிளாஸ்ரிக்கால் இறுக்கிச் சுற்றக் கூடாது, உள்ளே வேர்க்கும். கூரையில் பனியைச் சேரவிடக் கூடாது. எலியைப்பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா தன் பழைய கூறைநாட்டுச் சேலையை வெட்டிக் கட்டிலுக்குத் திரைச்சீலை தைத்திருந்தார். 2012 மே மாதம் திறந்தபோது மெத்தைக்கு அடியில் ஒரு எலிக்கூடு. பஞ்சும் கடதாசியும் வைத்துக் கட்டி, நடுவில், குஞ்சு கிடக்கிற இடத்தில், அரக்கு நூலும் ஜரிகையுமாக வட்டமாக மெழுகியிருந்தது. உலர்ந்த புழுக்கையைக் கூட்டக் கூடாது, தூசியில் வருத்தம் வரும், முதலில் மருந்துத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைக்க வேண்டும் என்பதால் நான் கையுறையோடு ஆயத்தமாக நின்றேன். அம்மா எட்டிப் பார்த்தார். "அவளுக்கும் கலியாணமாக்கும்" என்றார். அடியில் இரண்டு துளை. இரும்புக் கம்பளி திணித்து அடைத்தோம். உடுப்பு உலர்த்தும் மெஷினில் போடுகிற வாசனைத் தாளைப் போட்டால் எலி வராது என்பார்கள். நாங்கள் போட்ட தாளை அந்த எலி கூட்டுக்கு எடுத்திருந்தது.

2013 ஓகஸ்ற். கில்பெயர் பூங்காவில் இருந்து ஞாயிறு இரவு நனைந்த கன்வஸோடு வந்து சேர்ந்தோம். அடுத்த நாள் எனக்குக் காலை ஷிப்ற். வேலையில் இருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, பின்னேரம் வந்து விரிக்கிறேன் என்று சொன்னேன். "ஓம் ஓம்" என்று வைத்துவிட்டார்.

மூன்றரைக்கு வீட்டுக்கு வர, கூரை உயர்ந்து நின்றது. இரண்டு கட்டிலும் வெளியே. சன்னல் எல்லாம் திறந்து, பிளாஸ்ரிக் மூடிகள் சுருட்டிக் கட்டியபடி. கிழவர் கைபிடியைச் சுற்ற, எழுபத்து நான்கு வயது அம்மா பக்கத்தில் நின்று நான்கு கொக்கியையும் காட்டிக் காட்டிக் கழற்றுவித்திருக்கிறார். தமிழில்தான். கிழவருக்கு விளங்கியிருக்கிறது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தெற்குப் பக்கக் கட்டிலில் அம்மா சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரை. வடக்குப் பக்கக் கட்டிலில் வெள்ளை வேட்டி ஒன்று விரித்து, அதில் மோரில் ஊறின மிளகாய் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

நான் ஏறிய ஆட்டத்துக்கு விழித்துவிட்டார்.

"என்னம்மா, படுத்திட்டியள்?"

"படுக்கேல்லை" என்றார், எழும்பாமலே. "காயுமட்டும் காவல் இருக்கிறன். காகம் வரும்."

வலைக்குள்ளால் காகம் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, மிளகாயை மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.